கடல் நிற்கும் நாள்

1

சென்ற வாரம் ஒரு நாள் காலை, தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், சமையலறை ஜன்னலில் ஒரு ஆள் முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு கைகளையும் கண்களின் ஓரத்தில் குவித்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். நான் கத்திய கத்தலில் கரண்டி கீழே விழுந்தது. அந்த ஆள் அசரவில்லை. சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கினார்.

நாங்கள் இருப்பது நார்வேயின் வடக்கே ஒரு சின்ன மீன்பிடி ஊர். என் வீட்டுக்காரருக்குப் படகு என்ஜின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. எனக்குக் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. பனிக்காலத்திலும்கூடச் சுற்றுலாக் கப்பல்கள் வரும். கப்பல் வந்து நிற்கும் நாளில் ஊர்க்காரர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். சிவப்புச் சாயம் அடித்த எங்கள் மரவீடுகளைப் பார்த்ததும் இது ஏதோ கண்காட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். நைட்டி, கையில் மாவு. "இங்கே உண்மையாகவே ஆட்கள் குடியிருக்கிறார்களா?" என்று கேட்டார். நான் இருக்கிறேனே என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரப் பாட்டி யாராவது கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. பக்கத்தில் உள்ளூர்க்காரர் வீடு ஏதாவது உண்டா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

விடக்கூடாது என்று நகராட்சியின் இணையப் பக்கத்தில் புகார் கொடுக்க உட்கார்ந்தேன். புகாரின் வகை என்ன என்று கேட்டது. சத்தம், குப்பை, பனி அள்ளாதது, வண்டி நிறுத்தம், விலங்குத் தொல்லை. மனிதன் எட்டிப் பார்ப்பதற்கு வகை இல்லை. இருந்த எரிச்சலில் விலங்குத் தொல்லையை அழுத்திவிட்டேன். மறுநாள் ஒரு பெண் அதிகாரி அக்கறையாகப் போன் செய்து, வந்தது கலைமானா, கரடியா என்று கேட்டார். மனிதன் என்றேன். அந்தப் பக்கம் விசைப்பலகையில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு, அது சுற்றுலாப் பிரிவு, வேறு எண் என்றார்.

என் மகள் நிலா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பதினாறு வயது. இங்கேயே வளர்ந்தவள். சிரித்து முடித்துவிட்டு, நார்வே மொழியில், "எண்ணூரில் மாமா செய்வதும் இதுதானே அம்மா? அதற்கு மட்டும் நீ ஏன் புகார் கொடுக்கவில்லை?" என்றாள். இந்த வாரக் கடைசியில் என் அப்பாவுக்குத் தலைத்திவசம். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் மீனவக் குப்பம் சென்னைக்கு வடக்கே எண்ணூரில், ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் கடல், பக்கத்தில் ஆறு, பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆற்றில் இறங்கிக் காலால் துழாவினாலே இறால் தட்டுப்படும். பிறகு சாம்பல் வந்து படிந்தது, சுடுதண்ணீர் வந்து கலந்தது. வலையைத் தூக்கினால் சேறும் சாம்பலும்தான் வந்தன. என் அண்ணன் ஏழுமலை துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாகக்கூடப் போய்ப் பார்த்தான். அதுவும் நிலைக்கவில்லை.

போன முறை நாங்கள் ஊருக்குப் போனபோது, ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தளம் போட்ட எங்கள் மெத்தை வீட்டை ஒட்டி ஒரு ஓலைக் குடிசை புதிதாக நின்றது.

"யாரு வூடுண்ணா இது?" என்றேன்.

"நம்ம வூடுதான். கெஸ்ட்டுங்களுக்கு" என்றான் அண்ணன். "சிட்டிலேர்ந்து ஒரு கம்பெனி டூரு ஆளுங்கள இட்டாருது செல்வி. ஆத்துல ஒரு ரவுண்டு, வல வீசறது, அப்பறம் நம்ம வூட்டு மீன் கொயம்பு. மெத்த வூட்ல குந்தவெச்சு சோறு போட்டா நல்லா இல்லியாம். குட்ச கேட்டாங்கோ. போட்டேன்."

இது ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் கோடைக்குக் கோடை குடிசைகள் பற்றி எரியும். இரண்டு முறை எங்கள் வீடும் எரிந்தது. பாத்திரங்களையும் தங்கையாகப் பாவித்த ஒரு கோழியையும் தூக்கிக்கொண்டு நான் மணலில் நின்றிருக்கிறேன். ஓலைக்குக் கீழே தன் பிள்ளைகள் தூங்கக்கூடாது என்று வெறியாக உழைத்தவர் என் அப்பா முனுசாமி. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். தளம் போட்ட அன்றைக்கு ஊருக்கே கறிசோறு போட்டார். அந்தத் தளத்தின் நிழலிலேயே அவர் மகன் ஓலைக் குடிசை போட்டிருக்கிறான்.

குடிசைக்குள் அண்ணி கஸ்தூரி கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகு ஊதிக்கொண்டிருந்தாள். மூலையில் எரிவாயு அடுப்பு சாக்கால் மூடிக் கிடந்தது. "கேஸ்ல ஆக்கினா போட்டோல நல்லா வராதாம்மா" என்றாள். "புதுப் பொடவ கட்டினாகூட, இட்டுனு வர பொண்ணு மூஞ்ச தூக்கி வெச்சுக்குது. அதுக்குன்னே ரெண்டு கிழிசல வெச்சுகினு கீறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் வெளிநாட்டவர்கள், மீதிப் பேர் தென்சென்னையின் அடையாறு, வேளச்சேரி பக்கத்தவர்கள். இத்தனை காலம் வடக்கே ராயபுரம் பாலத்தைத் தாண்டி வராதவர்கள் இப்போது சாம்பல் மேட்டைப் படம் பிடிக்க வந்திருந்தார்கள். அண்ணன் படகில் நின்று வலை வீசினான். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வலையில் ஒன்றும் இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. பிறகு அவர்களின் வேன் கிளம்பும்போது கரையில் நின்ற அண்ணனும் அண்ணியும் சிரித்துக்கொண்டே கையை ஆட்ட வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நிலாவுக்கு ஒரே சந்தோஷம். வாரக்கடைசிப் பள்ளியில் படித்த தமிழில், "மாமா, தாங்கள் மிகவும் நன்றாக வலை வீசினீர்கள்" என்றாள். அண்ணன், "இன்னாமே, நியூஸ் வாசிக்கிற?" என்று அவள் தலையைத் தட்டினான்.

3

நைனாவை வாசலில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார வைத்திருந்தார்கள். மடியில் வலை. வருகிறவர்கள் சுற்றி நின்று படம் எடுக்க, அவர் குனிந்த தலை நிமிராமல் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். வயதான காலத்தில் கைக்கு ஏதோ வேலை இருக்கிறது, போகட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆட்கள் போன பிறகு அண்ணன் கத்தியோடு வந்தான். நைனா அன்று முழுவதும் பின்னிய இடத்தை விரல் விட்டுத் தேடிப் பிடித்து, சரக்கென்று கிழித்தான். ஒரு இடம் இல்லை, நாலைந்து இடம். நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இன்னா பண்ற நீ?"

"நாளிக்கும் ஆள் வருது இல்ல? நல்ல வலய வெச்சுகினு இன்னாத்தப் பின்னுவாரு?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "வுடும்மா. கடலுக்குப் போனாலும் வல கியியத்தான் செய்யும்" என்றார். அண்ணனிடம் கத்தினேன். அவனும் கத்தினான். "நீ போய்ட்ட. அங்க ஏசில குந்திகினு பேஜார் பண்ற. நான் இங்கதான் சோறு துன்னணும்" என்றான். நார்வேயில் ஏசி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

அண்ணிதான் ஊரில் நடந்ததைச் சொன்னாள். எங்கள் குப்பத்தில் ஆற்றில் இறங்குவதற்கு முறை உண்டு. இன்று உன் வீடு, நாளை என் வீடு, மறுநாள் புருஷனை இழந்தவள் வீடு. தண்ணீர் கொடுக்கும் மீன் எல்லோருக்கும் பொது என்பது பழைய கட்டுப்பாடு. சுற்றுலா ஆட்கள் வர ஆரம்பித்ததும், அவர்களையும் முறை வைத்து வீடு வீடாகப் பிரிக்கலாம் என்று ஊர்த்தலைவர் மாணிக்கம் சொல்லியிருக்கிறார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஆற்றோரமாக இருக்கும் எங்கள் வீடும், படத்துக்கு எடுப்பாக இருக்கும் நைனாவும்தான் அவர்களுக்கு வேண்டும். உடனே அண்ணன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "நான் மீனு புடிக்கல. இது தொயிலே இல்ல. தொயிலா இருந்தாத்தான முற?" என்று கேட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது. அண்ணனிடம் வேலைக்கு வருகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகப் போவார்கள். மற்றவர்கள் பின்பக்கத்து மணலில் சுற்றிக்கொண்டு போவார்கள். நான் பிறந்து வளர்ந்த தெருவில் எனக்கு முகம் கொடுக்காமல் போனவர்களை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

4

நாங்கள் அங்கே இருக்கும்போதே எதிர்வீட்டு வேதாசலம் மாமா இறந்துபோனார். நைனாவோடு ஒரே படகில் காலமெல்லாம் கடலுக்குப் போனவர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் கடல் நின்றுவிடும். பிணத்தை எடுத்து அடக்கம் முடியும்வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. கடலில் இருக்கிறவர்களுக்கும் சொல்லி அனுப்பித் திருப்பிவிடுவார்கள். பணக்காரன், ஏழை, பகையாளி என்று பார்ப்பதில்லை. செத்தவனுக்காக ஒரு நாள் கடலை நிறுத்துகிற ஊர் எங்கள் ஊர். உலகத்தில் எந்த ராஜாவுக்கும் இது கிடைக்காது என்று நான் நார்வேயில் பெருமையடித்திருக்கிறேன்.

விடிந்ததும் தலைவர் மாணிக்கம் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏயுமல, போட்ட ஏத்திக் கட்டு" என்றார் படகைக் காட்டி.

"தலைவரே, ஆளுங்கோ கெளம்பி வந்துகினு கீறாங்கோ. நான் இன்னா வலயா போடப்போறேன்? இது தொயிலு இல்லன்னு ஊரே கேட்டுக்கினதுதான?"

"நீ சொன்ன. நாங்க கேட்டுக்கினோம்."

"அப்பறம் இன்னா?"

தலைவர் அவனை விட்டுத் திரும்பினார். நைனாவைப் பார்த்தார். நைனா மடியிலிருந்த வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அண்ணன் படகை எடுத்தான். ஊர்ப் படகுகள் எல்லாம் மணலில் கிடக்க, ஆற்றில் ஒரே ஒரு படகு ஓடியது. திரும்பி வரும்போது எதிர்வீட்டில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்களை அழைத்து வந்த கம்பெனிப் பெண் முகமெல்லாம் மலர, "இன்னைக்கு உங்களுக்கு லக்! இதெல்லாம் எல்லா நாளும் பார்க்கக் கிடைக்காது" என்று அவர்களைப் பாடையருகே கூட்டிக்கொண்டு போனாள்.

சாவு மேளத்துக்கு எங்கள் ஆட்கள் ஆடுவார்கள். வந்தவர்களில் ஒரு இளைஞனும் ஆடினான். நன்றாகத்தான் ஆடினான். மற்றவர்கள் அவனைப் படம் பிடித்தார்கள். வேதாசலம் மாமாவின் மனைவி தலைவிரி கோலமாக உட்கார்ந்து, அழுகையை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அந்தக் கேமராக்களைத் தட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்படியே நின்றேன்.

மறுநாள் நிலாவின் போனைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்தக் கம்பெனியின் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மதிப்பெண் போட்டிருந்தாள். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். கீழே நார்வே மொழியில், "மிக உண்மையான மக்கள். சாப்பாடு அருமை. வலை பின்னும் தாத்தாவைத் தவறவிடாதீர்கள்."

"அவர் உன் தாத்தா, நிலா" என்றேன்.

"தெரியும் அம்மா. மாமாவுக்கு உதவத்தான் போட்டேன்" என்றாள். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறாள். அதனால்தான் என்னால் திட்டக்கூட முடியவில்லை.

5

கிளம்பும் அன்று நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மணலில் கொஞ்ச தூரம் நடக்க வைத்தார்.

"செல்வி, நான் செத்தா கடலு நிக்குமா?"

"இன்னா பேச்சு நைனா இது?"

"இல்லம்மா. வேதாசலத்துக்கே ஒங்கண்ணன் போட்ட எட்த்துட்டான். இந்த ஊரு எனுக்கு நிறுத்துமா? எனுக்கு வேற ஒண்ணும் வாணாம். காரியம்கூட வாணாம். அன்னிக்கு ஒரு நாளு தண்ணில ஒரு போட்டும் இருக்கக்கூடாது. அத்த மட்டும் பாத்துக்கோ."

நான் அண்ணனிடம் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. "என்னிய இன்னான்னு நெனச்சுகினு கீற? நைனாவுக்கு நான் எடுப்பனா போட்ட?" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் பொய் சொல்லவில்லை என்பதை இப்போதும் நான் நம்புகிறேன்.

நாங்கள் நார்வே திரும்பிக் கொஞ்ச காலத்தில் அவன் போன் செய்தான். குரலில் துள்ளல். கம்பெனியே புதுப் படகு வாங்கித் தருகிறதாம், பெரிய படகு, நிழல்கூரை போட்டது. பழைய படகை விற்றுவிட்டான். புதுப் படகு யார் பெயரில் என்று கேட்டேன். "கம்பெனி பேர்லதான். அதனால இன்னா, ஓட்டறது நான்தான?" என்றான். சொந்தப் படகு இல்லாத ஆள் எங்கள் குடும்பத்தில் அதுவரை கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

6

நைனா போன செய்தி வந்தபோது இங்கே முழங்கால் அளவு பனி. எங்கள் குடியிருப்பு அட்டைகள் புதுப்பிக்கப் போயிருந்தன. அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அவசர அனுமதிக்கு மனுப் போட்டால், தந்தையின் இறப்புச் சான்றிதழை இணைக்கவும் என்றது. இன்னும் குளிப்பாட்டிக்கூட முடிக்காத மனிதனுக்கு நான் எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவேன்? மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அண்ணனைக் கூப்பிட்டதும் அதைத்தான் கேட்டேன். "நீ கவலப்படாத. கம்பெனிக்குச் சொல்லிட்டேன். பாவம், வருத்தப்பட்டாங்கோ. உடனே லீவு குட்த்துட்டாங்கோ" என்றான்.

மிச்சம் இருந்தது ஊர்தான். ஊர் நிறுத்துமா என்று பார்க்கச் சித்தப்பா மகன் தினேஷை வீடியோவில் வரச்சொன்னேன். கூட்டத்தில் யாரோ ஒருவர், "அவன் மட்டும் நம்ம சாவுக்கு நிறுத்துனானா?" என்று கத்துவது கேட்டது. அதற்குத் தலைவர் மாணிக்கத்தின் குரல்: "செத்துக் கெடக்கறது முனுசாமிடா. ஏயுமல இல்ல. கட்டுங்கடா போட்ட!"

தினேஷ் போனை மெல்லத் திருப்பிக் காட்டினான். மணல் நெடுக ஊர்ப் படகுகள் எல்லாம் ஏற்றிக் கட்டியிருந்தன. பின்பக்க வழியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் வாசலில் நின்றார்கள். கடலில் ஒரு புள்ளிகூட இல்லை. "நைனா, நின்னுடுச்சு நைனா" என்று இந்தப் பனிக்குள் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சொன்னேன். நிலா பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நேரில் இருந்திருந்தால் என்னால் மயானத்துக்குப் போயிருக்க முடியாது. போன் வழியாக, தினேஷின் கையில் இருந்துகொண்டு, நானும் மகளும் நைனாவின் பின்னாலேயே போனோம். மயானத்துக்கு ஆற்றங்கரை வழியாகத்தான் போக வேண்டும். முன்னால் அண்ணன் இடது கையில் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, வெறும் உடம்போடு நடந்துகொண்டிருந்தான்.

முதலில் என்ஜின் சத்தம்தான் கேட்டது. மேளக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வளைவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெரிய படகு வந்தது. நிழல்கூரை, அதன் கீழே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிய ஆட்கள். ஓட்டியவன் எங்கள் குப்பத்து ஆள் இல்லை, எர்ணாவூர்ப் பக்கத்து ஆளாம், தினேஷ் பிறகு சொன்னான்.

"இன்னாண்ணா இது? லீவு வுட்டாங்கன்னு சொன்ன?" என்று தினேஷ் கத்தினான்.

அண்ணன் திரும்பினான். "எனுக்கு வுட்டாங்கோடா" என்றான். "போட்டுக்கு வுடல."

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அந்த வீட்டு ஆளும் நிற்பான், அவன் படகும் நிற்கும். ஆளுக்கு மட்டும் தனியாக விடுமுறை என்று ஒன்று உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

படகு கரையை ஒட்டி வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மரியாதைக்குத்தான் எழுந்தார்களோ என்னவோ. அவர்களில் ஒரு பெண், வெள்ளைத் தொப்பி போட்டவள், கரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

கரையில் ஒருவரும் அசையவில்லை. பாடை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

அண்ணனின் வலது கை மேலே எழுந்தது. கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவர்களைப் பார்த்து ஆடியது. படகு வளைவில் மறைகிறவரைக்கும் ஆடியது. அதற்குப் பிறகுதான் அவன் தன் கையைப் பார்த்தான்.